ஆவணிப் புழுக்கமும் அன்னையின் திருவிழாவும்

ஆகஸ்டுத் திங்கள் பிறந்ததும் நம் பங்குகளில் வேளாங்கண்ணிப் பயணத்தைப் பற்றிய பேச்சும் பிறந்துவிடுகிறது. வேனுக்கு ஆளுக்கு எவ்வளவு, தங்குவதற்கு அறை கிடைக்குமா, காவியுடுத்தி நடந்து செல்லும் கூட்டத்தோடு கல்லூரியில் படிக்கும் பிள்ளையை அனுப்பலாமா, முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டியை அழைத்துச் செல்வதா விட்டுச் செல்வதா என்றெல்லாம் வீடுகளில் ஆலோசனை நடக்கிறது. ஆனால் போகுமிடத்தின் வெயிலைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. 'கத்திரி கழிந்து மூன்று மாதமாயிற்று. இனி என்ன வெயில்?' என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தோடு புறப்படும் குடும்பங்களின் பொருட்டே இதனை எழுதுகிறோம்.

அன்னையின் திருவிழா ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கி, செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழாவுடன் நிறைவெய்துகிறது. இந்நாள்கள் யாவும் ஆவணி மாதத்திலேயே அடங்கிவிடுகின்றன. ஆண்டினை ஆறு பருவமாகப் பகுத்த நம் முன்னோர் ஆவணியையும் புரட்டாசியையும் கார்காலம் என்றனர். மலையடிவார நிலங்களுக்கு இப்பெயர் நன்கு பொருந்தும். நாகைக் கடற்கரைக்கோ அது முழுவதும் பொருந்துவதில்லை. அங்கே உண்மையான கார் ஐப்பசியில்தான் இறங்குகிறது. ஆவணியில் அங்கே காண்பது கோடையின் வால். ஆனால் அந்த வாலுக்கும் சூடு உண்டு.

வெளியூரிலிருந்து வருவோர் இதனை எதிர்பார்ப்பதில்லை. பெங்களூரில் ஆகஸ்டு மாதத்து நண்பகல் வெப்பம் 27, 28 டிகிரி அளவிலே நின்றுவிடுகிறது. மும்பையிலும் கோவாவிலும் கேரளத்திலும் அப்போது மழைக்காலம். அங்கிருந்து குடையோடு வந்திறங்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். மழைக்கென்று கொண்டுவந்த குடை வெயிலுக்குப் பயன்படுகிறது. நாகப்பட்டினத்தை ஒட்டிய கரையில் அந்நாள்களின் நண்பகல் வெப்பம் 35 டிகிரியைச் சுற்றி நிற்கும். சில நாள்களில் அதனையும் கடக்கும். இரவிலோ 25, 26-க்குக் கீழே இறங்குவது அரிது. உதகையிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ ஓர் இரவுப் பயணத்தில் வந்து சேர்பவரின் உடல், விடிந்ததும் வேறோர் உலகில் கண் விழிக்கிறது. புதிய வெப்பத்திற்கு உடல் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும் என்பது மருத்துவர் கூற்று. திருவிழாவுக்கு வருவோர் தங்குவதோ இரண்டு நாள் அல்லது மூன்று நாள்!

மேற்கே மழை கொட்டும்போது கிழக்கே வெயில் காய்வது ஏன்? தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதித் தன் மழையின் பெரும்பகுதியை அப்புறத்திலேயே இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டிச் சமவெளியில் இறங்கும்போது அக்காற்று வறண்டு, சூடேறிவிடுகிறது. சோழமண்டலக் கரைக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்றே. அது வழக்கமாக அக்டோபர் 20-ஆம் நாளை ஒட்டித் தொடங்குகிறது. ஆகவே மார்ச்சில் ஏறத் தொடங்கும் சூடு, நடுநடுவே மாலைநேர இடிமழையால் சற்றுத் தணிந்தாலும், அதுவரை இக்கரையை விட்டு முழுவதும் அகல்வதில்லை.

இக்கரையின் ஒரு நாளைக் கூர்ந்து கவனித்தால் அது முழுவதும் ஒரே வகை வெயில் அன்று என்பது புலப்படும். முற்பகலில் வீசுவது மேல்காற்று. கடற்கரை மக்கள் இதனைக் கச்சான் என்பர். இது அனல் போன்று வறண்டது. வியர்வையை வெளியே தெரியாமலே உறிஞ்சிக்கொண்டு போகும். 'எனக்கு வியர்க்கவேயில்லை' என்று மகிழ்வோர் உண்டு. உண்மையில் அவர்கள் உடலிலிருந்து நீர் போய்க்கொண்டேயிருக்கிறது. தோலில் தங்காததனால் தெரிவதில்லை. நண்பகலை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னரோ கடலிலிருந்து எதிர்க்காற்று புறப்பட முயல்கிறது. நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால் எழும் காற்று இது. மேல்காற்றும் கடற்காற்றும் ஒன்றையொன்று தடுத்து நிற்கும் அந்த இடைவேளையில் இலை அசையாது. அன்றைய நாளிலேயே மிகுந்த இறுக்கம் அப்போதுதான். பிறகு கடற்காற்று வென்றால் வெப்பம் சட்டென்று இரண்டு மூன்று டிகிரி குறையும். மேல்காற்று வலுத்திருக்கும் நாளில் அது மாலைவரை வாராமலும் போகும். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பர். அந்த ஆடிக் காற்று தளர்ந்து, ஐப்பசி மழை இன்னும் வாராத இடைக்காலமே ஆவணி. காற்றில்லாத பொழுதுகள் இம்மாதத்தில் மிகுதி.

கடற்காற்று குளிர்ச்சியைத் தருவது மெய்யே. ஆனால் அது ஈரத்தையும் உடன்கொணர்கிறது. இரவெல்லாம் அந்த ஈரம் காற்றிலேயே தங்கிவிடுகிறது. மாலையில் கொடியில் காயப்போட்ட துண்டு விடியற்காலையிலும் ஈரமாகவே தொங்குவதை வேளாங்கண்ணியில் தங்கியவர் அனைவரும் அறிவர். அந்தத் துண்டு காயாத காற்றில் நம் மேனியின் வியர்வை மட்டும் எவ்வாறு காயும்?

இங்கே மண்பானையை நினைவுகூர்வது நன்று. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. அதனால் நீர் குளிர்கிறது. மதுரையிலோ திருச்சியிலோ சித்திரை மாதத்தில் பானை நீர் பல் கூசும்படி குளிர்ந்திருக்கும். அதே பானையைப் புழுக்கம் மிகுந்த கடற்கரை மாலையில் வைத்துப் பாருங்கள். வெளியே முத்து முத்தாக ஈரம் நிற்கும், உள்ளே நீர் குளிர்ந்திராது. நம் உடலும் இத்தகைய பானையே. காற்றின் சூடு தோலின் சூடாகிய 35 டிகிரியை எட்டிவிட்டால், உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற எஞ்சியிருக்கும் வழி வியர்வை ஆவியாதல் ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்குகிறது. வழிந்து தரையில் சொட்டும் வியர்வையோ ஒன்றையும் எடுத்துச் செல்வதில்லை. நீரையும் உப்பையும் மட்டும் வீணாக்குகிறது. ஆகவே வெப்பமானியில் 40 டிகிரி காட்டும் வேலூர் வெயிலைத் தாங்கியவர், 34 டிகிரி காட்டும் வேளாங்கண்ணிக் கூட்டத்தில் சோர்ந்து விழுவது வியப்பன்று.

நடந்து செல்வோரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர் வழியாக வேளாங்கண்ணி வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. பழகியவர்கள் விடியலுக்கு முன் எழுந்து நடந்து, பத்து மணிக்குள் நிழல் தேடி அமர்ந்து, மாலை நான்கு மணிக்கு மேல் மீண்டும் புறப்படுகிறார்கள். இம்முறையே சிறந்தது. புதியவர்களோ முதல் நாளின் ஆர்வத்தில் நண்பகலிலும் நடந்துவிடுகின்றனர். அந்நேரத்தில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 50 டிகிரிக்கு மேலும் காயும். வெறுங்காலோடு நடப்பவர்கள் சாலையோரத்து வெள்ளைக் கோட்டின்மீது ஒருவர் பின் ஒருவராக அடியெடுத்து வைப்பதைக் காணலாம். வெண்மை வெப்பத்தைத் திருப்பியனுப்புவதால் அங்கே சூடு சற்றுக் குறைவு. ஆனால் வண்டிகள் உரசிச் செல்லும் இடமும் அதுவே என்பதை மறக்கலாகாது. நீரிழிவுக்காரர்கள் வெறுங்காலோடு நடப்பதை நாம் அறவே மறுக்கிறோம். பாதத்தில் உணர்ச்சி மரத்தவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது; தெரியும்போது புண் ஆழமாகிவிட்டிருக்கும்.

காவியுடையைப் பற்றியும் ஒரு சொல். கடைகளில் மலிவாய் விற்கும் காவித்துணிகளில் பல பாலியெஸ்டர் நூலால் ஆனவை. வியர்வையை உறிஞ்சாத அத்துணி மேனியில் ஒட்டிக்கொண்டு காற்றைத் தடுக்கும். பழைய பருத்தி வேட்டி ஒன்றைச் சாயமிட்டு உடுத்துவது மேல். நேர்ச்சையாகத் தலைமுடி காணிக்கை செலுத்துவோர், மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசியதோடு நின்றுவிடாமல் ஈரத்துண்டு ஒன்றையும் போட்டுக்கொள்ளட்டும். முடி என்பது இயற்கை தந்த குடையன்றோ!

நடக்கும் உடல் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையை இழக்கும். தாகம் எடுத்தபின் குடிப்பதைவிட, இருபது நிமிடத்திற்கு ஒரு குவளை என்று கணக்கு வைத்துக் குடிப்பது நன்று. வெறும் நீரையே மேலும் மேலும் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து, தலைவலியும் மயக்கமும் வரக்கூடும். நம் பாட்டிமார் தந்த உப்பிட்ட நீர்மோரும், நீராகாரமும், உப்புச் சேர்த்த எலுமிச்சைச் சாறும் இதனை அறிந்தே அமைந்தவை போலும். அரசு மருத்துவ நிலையங்களில் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சிலவற்றை மடியில் வைத்திருப்பது நலம். அவை இல்லாவிடில் ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்துக்கொள்ளலாம். இதய நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோர், புறப்படுமுன் தம் மருத்துவரைக் கண்டு அளவைக் கேட்டறிய வேண்டும். தாமே மாத்திரையை நிறுத்துவதும் தவறு, கேளாமல் தொடர்வதும் தவறு.

இனி நம் மனத்தை மிகவும் உறுத்தும் ஒன்றுக்கு வருகிறோம். வெயிலால் விழும் முதியோரில் பலர், நீர் கிடைக்காமல் விழுவதில்லை. கிடைத்த நீரைப் பக்தியின் பெயரால் மறுத்து விழுகின்றனர். சாலையோரத் தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் நாம் நின்றிருந்தபோது, உதடு வெடித்துக் களைத்து வந்த மூதாட்டி ஒருவரிடம் பந்தலில் இருந்த இளைஞர், "பாட்டி, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க" என்று குவளையை நீட்டினார். "வேணாம் தம்பி. நன்மை வாங்குற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது" என்று கூறி அம்மூதாட்டி நடந்தார். அவர் கூறியது அவருடைய இளமையில் திருச்சபையின் சட்டமாகவே இருந்தது. நள்ளிரவு முதல் நீரும் அருந்தலாகாது என்ற அவ்விதியை, நீரைப் பொறுத்தமட்டில், 1953-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் நீக்கிவிட்டார். 1964-இல் 6-ஆம் சின்னப்பர் நற்கருணை உபவாசத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 919-ஆம் பிரிவு இதனைத் தெளிவாகக் கூறுகிறது: நீரும் மருந்தும் உபவாசத்தை முறிப்பதில்லை, முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒரு மணி நேரத்திற்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். எழுபது ஆண்டு கடந்தும் இச்செய்தி நம் பாட்டிமார் சிலருக்கு எட்டவில்லை என்றால், வீட்டில் அதனைச் சொல்லவேண்டியவர்கள் யார்?

நேர்ச்சையைப் பற்றியும் இவ்வாறே. மகனுக்கு நோய் தீர்ந்தால் வெறுங்காலோடு நடந்து வருவேன், மாதா குளத்திலிருந்து கோயில்வரை முழங்காலில் வருவேன் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் நேர்ந்துகொண்ட தாய், இன்று இதய நோயோடு அதனைச் செலுத்த முற்படுகிறார். 'மாதாவுக்குக் கொடுத்த வாக்கு' என்று அவர் கூறும்போது பிள்ளைகள் வாயடைத்து நிற்கின்றனர். தடுத்தால் பாவமோ என்னும் அச்சம் அவர்களுக்கு. சட்டத் தொகுப்பின் 1196-ஆம் பிரிவு, தக்க காரணம் இருந்தால், பிறர் பெற்றுள்ள உரிமைக்கு ஊறு நேராதவாறு, தனி நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் அதிகாரத்தைப் பங்குத்தந்தைக்கு அளிக்கிறது. தம் பங்கு மக்களுக்கு மட்டுமன்றி அங்கு வந்திருக்கும் பயணிகளுக்கும் அவர் இதனைச் செய்யலாம். அடுத்த பிரிவின்படி, நேர்ந்துகொண்டவரே தம் நேர்ச்சையை அதற்கு ஒத்த அல்லது அதனினும் மேலான வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். எனவே வீட்டில் வாதாடிக்கொண்டிராமல், பயணத்திற்கு முன்பே அம்மாவைப் பங்குச் சாமியாரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் சொன்னால் கேளாத தாய், சாமியார் சொன்னால் கேட்பார். உடல் வலுவுள்ளவர்கள் முழங்காலில் செல்ல விரும்பினால், மணல் ஆறியிருக்கும் அதிகாலைப் பொழுதைத் தேர்ந்துகொள்வார்களாக.

கொடியேற்ற நாளிலும் செப்டம்பர் 7-ஆம் நாள் இரவுத் தேர்பவனியிலும் கூட்டத்தின் நடுவே காற்று நுழைவதில்லை. கடல் கூப்பிடு தொலைவில் இருந்தாலும் நடுவில் நிற்பவருக்குக் கடற்காற்று கிட்டாது. முதியோரையும் கருவுற்றோரையும் ஓரத்தில் நிறுத்துக. கைக்குழந்தைக்குக் குல்லாயும் கம்பளியும் போர்த்தித் தூக்கி வருவது நம்மவர் வழக்கம். ஆவணிப் புழுக்கத்தில் அது குழந்தைக்குச் செய்யும் கொடுமை. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குத் தனியே நீர் வேண்டுவதில்லை. தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும், தாய்தான் நிறைய நீர் குடிக்க வேண்டும். தூங்கும் பிள்ளையைக் கதவடைத்த வேனில் விட்டு 'இதோ வந்துவிடுகிறோம்' என்று இறங்குவது கூடவே கூடாது. வெயிலில் நிற்கும் வண்டியின் உள்வெப்பம் இருபது நிமிடத்தில் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும்.

நெடுநேரம் நின்று ஒருவர் மயங்கி விழுந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டுவதில்லை. காலிலே இரத்தம் தேங்கியதனால் வந்த மயக்கம் அது. சுற்றி நிற்போரை விலக்கி, நிழலில் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் கண் திறப்பார். சோடாவை உடைத்து முகத்தில் தெளிப்பது நம் நாட்டு வழக்கம். பச்சைத் தண்ணீரும் அதே பயனைத் தரும். உட்கார வைத்துத் தாங்கிப் பிடிப்பதுதான் தவறு.

வெப்பத் தாக்கு என்பது வேறு; உயிரைக் கொள்ளக்கூடியது. உடல் அனலாய்க் கொதிக்கும்; உள்வெப்பம் 40 டிகிரியை எட்டியோ கடந்தோ இருக்கும். பேச்சு குழறும், நடை தள்ளாடும், கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத விடை வரும். சிலருக்கு வலிப்பும் வரலாம். 'வியர்வை நின்றுவிட்டால்தான் வெப்பத் தாக்கு' என்று பலர் கருதுகின்றனர். நடந்து வந்து விழுபவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டேயிருக்கும். ஆகவே வியர்வையைப் பாராமல் புத்தித் தெளிவைப் பாருங்கள். தடுமாற்றம் தெரிந்தவுடன் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் நீரை ஊற்றி விசிறட்டும். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் நீர் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பது எவ்வளவு அவசரமோ, அதற்கு முன் உடலைக் குளிர்விப்பதும் அவ்வளவு அவசரம்.

இத்தனையும் சொன்னபின், 'திருவிழா நாளில்தான் போகவேண்டுமா?' என்ற கேள்வி எழுவது இயல்பு. கொடியையும் தேரையும் காண விழைவோருக்கு வேறு நாள் இல்லை. ஆனால் படுத்த படுக்கையிலிருந்து எழுந்த தந்தையையோ, பிறந்து மூன்று திங்களான குழந்தையையோ அன்னையின் திருமுன் கொண்டு செல்ல விரும்பும் குடும்பத்திற்கு ஆண்டு முழுவதும் கோயிற்கதவு திறந்தே இருக்கிறது. அக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிவரை பெருமழையும் புயலும் வரும் காலம். 2018 நவம்பரில் கஜா புயல் இக்கரையில்தான் ஏறிற்று. கிறிஸ்துமசு கழிந்து, ஜனவரி முதல் பிப்ரவரி முடிய நல்ல காலம். அப்போது நண்பகல் வெப்பம் 28, 30 டிகிரி அளவிலும், இரவு 22 டிகிரியை ஒட்டியும் இருக்கும். கூட்டமும் குறைவு; விடியற்காலைப் பூசைக்குச் செல்லும்போது பாட்டிக்கு ஒரு சால்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.